கர்னலுக்குப் புத்தகம், சிப்பாய்க்கு நம்பர்

(சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் மத்தியில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நான் ஒரு பட்டாளத்தின் கதையைச் சொல்லப்போகிறேன். நம் ஊர்ப் பட்டாளம் அல்ல. வேல்ஸ் நாட்டுப் பட்டாளம். "நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு வேல்ஸ் பட்டாளத்தைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பட்டாளத்துக்காரர்கள் விழுந்த அதே வயல்வெளியில், அதே நாளில், இந்தியச் சிப்பாய்களும் விழுந்தார்கள். விழுந்தவர்களில் யார் பெயரைக் கல்லில் வெட்டினார்கள், யார் பெயரை வெட்டாமல் விட்டார்கள் என்பதுதான் இன்றைய விஷயம். அது நம் பாட்டன் பூட்டன் வரை வருகிற விஷயம்.

முதலில் வேல்ஸ் என்றால் என்ன? வரைபடத்தில் இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய மலைநாடு. அந்த ஜனங்களுக்குத் தனி மொழி உண்டு. அது இங்கிலீஷ் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிக்கூடங்களில், வாய் தவறி வீட்டு மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்து எந்தப் பிள்ளை வேல்ஸ் மொழி பேசுகிறதோ அதன் கழுத்துக்கு அந்தக் கட்டை மாறும். கடைசியில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. வெள்ளைக்காரன் என்றால் எல்லோரும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த நாட்டில் பூமிக்குமேல் ஆடு. பூமிக்குக் கீழே நிலக்கரி. ஆடு மேய்க்க முடியாதவன் சுரங்கத்துக்குள் இறங்கினான். 1913 அக்டோபர் 14ந் தேதி, தெற்கு வேல்ஸில் செங்கனித் என்ற ஊரில் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். மீட்கப் போன ஒருவரும் மாண்டார். வழக்கு நடந்தது. தீர்ப்பு என்ன தெரியுமா? மேனேஜருக்கு 24 பவுன் அபராதம்; கம்பெனிக்கு 10 பவுன் அபராதம். ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்கும் கொஞ்சம் சில்லறையும் என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இது நடந்து பத்து மாதத்தில் மகாயுத்தம் வந்தது. அதே தொழிலாளியைப் பார்த்து, "தேசத்துக்காக உயிரைக் கொடு" என்றார்கள்.

இப்போது பட்டாளத்துக்கு வருகிறேன். 1908ல் பிரிட்டிஷ் சர்க்கார் "டெரிட்டோரியல்" என்று ஒரு படையை அமைத்தது. அதாவது பகுதி நேரச் சிப்பாய்கள். வாரத்தில் சில மாலை நேரங்களில் கவாத்து. வருஷத்தில் இரண்டு வாரம் முகாம். மற்ற நாளெல்லாம் சுரங்கத்திலும் பண்ணையிலும் கடையிலும் வழக்கமான வேலை. உள்நாட்டுப் பாதுகாப்புக்கு மட்டும்தான் என்பது ஒப்பந்தம். கடல் கடந்து அனுப்ப வேண்டுமானால் ஆளாளிடம் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். சுரங்கத் தொழிலாளி ஏன் இதில் சேர்ந்தான்? ராஜ விசுவாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். வருஷம் முழுவதும் இருட்டில் வேலை செய்கிறவனுக்கு இரண்டு வாரம் திறந்த வெளி, சூரிய வெளிச்சம், சோறு, கையில் கொஞ்சம் காசு. நீங்களாக இருந்தால் சேர மாட்டீர்களா?

வடக்கு வேல்ஸில் டென்பிஷயர் ஜில்லாவின் டெரிட்டோரியல் பட்டாளம், ராயல் வெல்ஷ் பியூசிலியர்ஸ் ரெஜிமெண்டின் 4வது பட்டாளம். ரெக்ஸம் என்ற ஊரைச் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். அங்கிருந்து ஏராளமான தொழிலாளர்கள் இதில் இருந்தார்கள். ஆபீசர்கள் யார்? நிலச்சுவான்தார் வீட்டுப் பிள்ளைகள், வக்கீல்கள், வியாபாரக் குடும்பத்தார். அந்தக் காலத்தில் டெரிட்டோரியல் பட்டாளங்களின் பொதுவான அமைப்பே அதுதான். ஊரில் யார் மேலே, யார் கீழே இருந்தார்களோ, அதே ஏணி பட்டாளத்திலும் நின்றது. காக்கிச் சட்டை போட்டதால் ஏணி மாறவில்லை.

1914 நவம்பரில் இந்தப் பட்டாளம் பிரான்ஸுக்குப் போயிற்று. நம் பக்கத்தில் அதற்குச் சில வாரங்கள் முன்புதான், செப்டம்பர் 22ந் தேதி இரவில், எம்டன் கப்பல் மதராஸ்மீது குண்டு போட்டது. அது எல்லோருக்கும் தெரியும். "எம்டன்" என்பது நம் பேச்சில் வசவாகவும் பாராட்டாகவும் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த யுத்தத்தில் நம்மவர்கள் எங்கெங்கே போனார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1915 மே 9ந் தேதிக்கு வருவோம். வடக்கு பிரான்ஸில் ஓபர் மேடு என்ற இடம். மேடு என்று பெயர். நம் கொல்லிமலையைப் பார்த்தவனுக்கு அது வரப்பு மாதிரி. விடிகாலை 5 மணிக்கு பீரங்கி தொடங்கியது. 40 நிமிஷம் சுட்டார்கள். போதுமான குண்டு இல்லை. இருந்த குண்டிலும் பல ஜெர்மன் முள்கம்பியை அறுக்கவில்லை. பிறகு சீட்டி ஊதி ஆட்களை மேலே ஏற்றினார்கள். எதிரே மெஷின்கன். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் விழுந்தவர்கள் 11 ஆயிரத்துக்கு மேல். இறந்தவரும் காயம்பட்டவரும் சேர்த்துச் சொல்கிறேன். பிடித்த இடம்? ஒன்றுமில்லை. சில நாள் கழித்து லண்டன் பத்திரிகையில் "குண்டு போதவில்லை" என்று செய்தி வந்து மந்திரிசபையே ஆடிப்போயிற்று. ஆட்கள் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆள் மலிவு, குண்டுதான் கிராக்கி.

வெல்ஷ் பியூசிலியர்ஸ் 4வது பட்டாளம் அன்று முன்னே சென்ற பட்டாளங்களுக்குப் பின்துணையாகப் போயிற்று. அதன் தளபதி லெப்டினண்ட் கர்னல் பிரான்ஸ்-ஹேஹர்ஸ்ட் அன்று கொல்லப்பட்டார். செஷயரில் பெரிய மாளிகையும் நிலமும் உள்ள குடும்பத்து மனிதர். அவருடைய வேறு சில ஆபீசர்களும், நிறையச் சிப்பாய்களும் மாண்டார்கள்.

அதே தாக்குதலில் இவர்களுக்குப் பக்கத்திலேயே நின்றது எது? இந்தியப் படையின் மீரட் டிவிஷன்! கூர்க்காக்கள், டோக்ராக்கள், எல்லைப்புறத்துச் சிப்பாய்கள். 41வது டோக்ரா பட்டாளம் அன்று பலத்த சேதப்பட்டது. ரெக்ஸம் சுரங்கத் தொழிலாளியும் காங்ரா பள்ளத்தாக்கு விவசாயியும் ஒரே காலையில், ஒரே முள்கம்பிக்கு முன்னால் விழுந்தார்கள். ஒருவன் பேச்சு ஒருவனுக்குத் தெரியாது. இருவருக்கும் உத்தரவு போட்டவன் பேச்சு இங்கிலீஷ்.

இறந்த கர்னலைக் கேலி செய்ய நான் வரவில்லை, தோழர்களே. அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாய்கள் நூற்றுக்கு 12 பேர் செத்தார்கள் என்றால், ஆபீசர்கள் நூற்றுக்கு 17 பேர் செத்தார்கள். வாலிப லெப்டினண்டுகள் ஆட்களுக்கு முன்னால் நடந்து போய்ச் செத்தார்கள். அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. உத்தரவை எழுதிய ஜெனரல்கள் பத்துமைல் பின்னால் இருந்தார்கள் என்பதும் உண்மை. நான் கேட்பது வேறு கேள்வி. செத்த பிறகு என்ன ஆயிற்று?

செத்த ஆபீசர்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள். தடித்த இரண்டு பாகம். 1914 ஆகஸ்ட் முதல் 1915 ஜூன் வரை இறந்த ஆபீசர்கள் மட்டும். எந்தக் குடும்பம், எந்தப் பள்ளிக்கூடம், யாரைக் கட்டினார், என்ன வேட்டை ஆடினார், எல்லாம் இருக்கும், போட்டோவும் இருக்கும். குடும்பத்தார் தங்கள் ஊர் மாதாகோவிலில் பித்தளைப் பட்டயம் பதித்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு? 1921ல் இறந்த சிப்பாய்களின் ஜாபிதாவை 80 பாகமாக அச்சிட்டார்கள். பெயர், பிறந்த ஊர், நம்பர், செத்த தேதி. ஆளுக்கு ஓரிரு வரி. போகட்டும், ஒரு வரியாவது இருக்கிறது. ராயல் வெல்ஷ் பியூசிலியர்ஸ் ரெஜிமெண்ட் முழுவதிலும் அந்த யுத்தத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். 1917ல் யுத்தக் கல்லறைகளைக் கவனிக்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். பிரேதங்களை ஊருக்கு எடுத்துப் போகக் கூடாது. கர்னலானாலும் கடைசிச் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல், ஒரே வரிசை என்று முடிவு செய்தார்கள். வசதியுள்ள பல குடும்பங்கள் கொதித்தெழுந்தன. "எங்கள் பிள்ளைக்கு எங்கள் இஷ்டப்படி சமாதி கட்ட உரிமை இல்லையா?" என்று கேட்டன. 1920 மே 4ந் தேதி பார்லிமெண்டில் பெரிய விவாதம். கடைசியில் ஒரே கல் என்பதே நின்றது. நம் ஊரில் சுடுகாட்டுக்குப் போகும் பாதையிலேயே ஜாதி பார்க்கிறார்கள். அதை நினைத்துப் பார்த்தால் இது சின்னக் காரியமல்ல. அந்தஸ்து, இனம், மதம் எதுவும் பார்க்க மாட்டோம் என்பது அந்தக் கமிஷனின் வாக்கு. இந்த வாக்கை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதற்குத்தான் வரப்போகிறேன்.

வேல்ஸின் மற்ற டெரிட்டோரியல் பட்டாளங்கள் வேறு திசையில் போயின. அவற்றைச் சேர்த்து 53வது டிவிஷன் என்று பெயர். 1915 ஆகஸ்டில் துருக்கியின் சுவ்லா கடற்கரையில் இறக்கினார்கள். இடம் தெரியாது, சரியான வரைபடம் கிடையாது, தண்ணீர் கிடையாது. பிளின்ட்ஷயர் பட்டாளத்தின் தளபதி லெப்டினண்ட் கர்னல் பிலிப்ஸ் ஆகஸ்ட் 10ந் தேதி செத்தார். நவம்பர் கடைசியில் பேய்மழை, பிறகு உறைபனி. அகழிக்குள் ஆட்கள் மூழ்கியும் விறைத்தும் செத்தார்கள். 1917 மார்ச் 26ந் தேதி காஸாவில் நடந்தது அதைவிடக் கொடுமை. மூடுபனியால் தாமதமாகக் கிளம்பி, நடுப்பகல் வெயிலில் வெட்டவெளியில் ஏறி, இருட்டுவதற்குள் அலி முன்தார் குன்றைப் பிடித்துவிட்டார்கள். பிடித்த செய்தி மேலிடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. "பின்வாங்கு" என்று உத்தரவு! ரத்தம் சிந்திப் பிடித்த குன்றை விட்டு இறங்கினார்கள். அன்று விழுந்த ஏறத்தாழ 4 ஆயிரம் பேரில் பெரும்பகுதி இந்த வேல்ஸ் டிவிஷன்காரர்கள்.

1918ல் பிரான்ஸில் ஆள் பஞ்சம் வந்தது. இந்த டிவிஷனிலிருந்து வேல்ஸ் பட்டாளங்களை உருவி எடுத்தார்கள். காலியான இடத்தில் யாரை வைத்தார்கள்? இந்தியர்களை! ஒரு பிரிகேடில் ஒரு வேல்ஸ் பட்டாளம். மீதி பெரும்பாலும் இந்தியப் பட்டாளங்கள். பெயர் மட்டும் "வேல்ஸ் டிவிஷன்". ஆலையில் நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் பதிலியை வைத்து அதே மெஷினை ஓட்டுவது போலத்தான். பாலஸ்தீனத்தில் கடைசிச் சண்டையை அந்த டிவிஷன் இப்படித்தான் சண்டையிட்டது.

"ஏனுங்க தோழர், நம்ம ஆளுகளும் அங்கே போனாங்களா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு தோழர் கேட்கிறார். போனார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மதராஸ் மாகாணத்திலிருந்து அந்த யுத்தத்துக்குச் சேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். அதில் துப்பாக்கி பிடித்தவர்கள் 51 ஆயிரம். மற்ற 41 ஆயிரம் பேர் சுமை தூக்க, கோவேறு கழுதை ஓட்ட, சமைக்க, தண்ணீர் சுமக்க, மலம் அள்ளப் போனவர்கள். இந்தியா முழுவதிலுமிருந்து 14 லட்சத்துக்கு மேல். காலாட்படைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். சுமை தூக்குகிறவனுக்குத் துப்பாக்கிக்காரனுக்கு இருந்த அந்தஸ்து கிடையாது.

தமிழ்ச் சிப்பாய் என்றால் வெள்ளைக்கார ஜெனரல்களுக்கு இளப்பம். மதராஸ் படையின் தளபதியாக 1881 முதல் 1885 வரை இருந்த ராபர்ட்ஸ் என்பவர், பிறகு இந்தியா முழுமைக்கும் சேனாதிபதி ஆனார். "வீர ஜாதி, வீரமில்லாத ஜாதி" என்று ஜனங்களைக் கூறு போட்டு, மதராஸ்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்று பட்டாளங்களைக் கலைக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். இந்த மதராஸ் பட்டாளங்களை வைத்துத்தான் கம்பெனி திப்புவோடு சண்டை போட்டு நம் சேலம் ஜில்லாவையே பிடித்தது! காரியம் ஆகும்வரை வீரன். ஆன பிறகு கோழை.

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்கப் போன படையில் 63வது பாளையங்கோட்டை லைட் இன்பண்ட்ரி இருந்தது. வாரக்கணக்கில் கப்பலில் வாந்தியெடுத்துக் கிடந்தவர்களை, எதிரிக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வேவு பார்க்காமல் காட்டுக்குள் அனுப்பினார்கள். பட்டாளம் சிதறி ஓடியது. போதாததற்குத் தேனீக்கள் வேறு கூட்டமாக வந்து கொட்டின. பழி யார் தலையில்? மதராஸ்காரன் தலையில். அதே படையில் 61வது பயனியர்கள் என்ற இன்னொரு மதராஸ் பட்டாளமும் இருந்தது. பயனியர் என்றால் ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் கடப்பாரை. ஆப்பிரிக்கக் காட்டில் யுத்தம் நெடுகப் பாதை வெட்டினார்கள். அதைப் பற்றிக் கதை எழுதியவர் குறைவு. (பிரான்ஸிலும் இதே கதைதான். ஓபர் மேட்டில் அடிவாங்கிய அந்த 4வது வெல்ஷ் பட்டாளத்தை, சுரங்கம் வெட்டிப் பழகிய கைகள் என்று 1915 செப்டம்பரில் பயனியர் பட்டாளமாக மாற்றி, லண்டன் டிவிஷனுக்கு அகழி வெட்ட அனுப்பிவிட்டார்கள். வெட்டுகிறவனைக் கண்டுபிடித்து வெட்டச் சொல்வதில் மட்டும் அவர்கள் எல்லா ஜாதியையும் சமமாக நடத்தினார்கள்.)

மதராஸ் பயனியர்களிலும் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலும் ஆதிதிராவிட இளைஞர்கள் நிறையப் பேர். பண்ணையில் கட்டிவைத்த மாதிரி கிடந்தவனுக்குப் பட்டாளம் ஒரு வாசல். காலில் செருப்பு போடலாம். பண்ணையாரைத் தவிர வேறு உலகம் உண்டு என்று தெரிந்துகொள்ளலாம். இந்த ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். இன்றும் நம் பிள்ளைகள் ராணுவ ஆள்சேர்ப்பு என்றால் விடியுமுன் ஓடிப் பழகுகிறார்கள். காரணம் அதிகம் மாறிவிடவில்லை.

நம்மவர்கள் அதிகம் போன இடம் மெசபொடேமியா, இன்றைய இராக். 1916 ஏப்ரல் 29ந் தேதி குத் என்ற ஊரில் முற்றுகையில் சிக்கியிருந்த பிரிட்டிஷ்-இந்தியப் படை பட்டினியால் சரணடைந்தது. சுமார் 13 ஆயிரம் பேர் கைதிகள். தளபதி டவுன்ஷெண்டை துருக்கியர்கள் கான்ஸ்டாண்டிநோபிள் அருகே ஒரு தீவில் சௌகரியமான வீட்டில் வைத்தார்கள். சிப்பாய்களைப் பாலைவனத்தில் நடத்திக்கொண்டே போனார்கள். ஆயிரக்கணக்கில் வழியிலும் ரயில் பாதை வேலையிலும் செத்தார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரி 23ந் தேதி ஷும்ரான் என்ற இடத்தில் டைகிரிஸ் நதியைக் கடந்தார்கள். வெள்ளம் புரண்டோடும் ஆறு. எதிர்க்கரையில் துருக்கித் துப்பாக்கி. படகுகளில் ஆட்களைக் கடத்தி, மாலைக்குள் பாலம் போட்டு முடித்தார்கள். அந்த டிவிஷனில் மதராஸ் சாப்பர்ஸின் 12வது, 13வது கம்பெனிகள் இருந்தன. அன்றைய சண்டைக்காக கூர்க்கா பட்டாளத்து மேஜர் வீலருக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். கொடுக்கவேண்டியதுதான். படகில் துடுப்புப் போட்டவர்கள் பெயரை எங்கே தேடுவது?

இங்கேதான் பஸ்ரா நினைவுச் சின்னம் வருகிறது.

பிரான்ஸில் நூவ்-ஷாப்பெல் என்ற ஊரில் 1927 அக்டோபரில் இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். உடல் கிடைக்காத 4,700க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர் அதில் செதுக்கியிருக்கிறது. சுபேதார் முதல் சிப்பாய் வரை, கூலி வேலைக்குப் போனவர் வரை, பெயர் பெயராக. ஓபர் மேட்டில் அன்று விழுந்த டோக்ராவின் பெயரை அங்கே தேடலாம். கமிஷனின் வாக்கு காப்பாற்றப்பட்டது.

1929 மார்ச்சில் பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். மெசபொடேமியாவில் செத்து, கல்லறை தெரியாத 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக. அதே கமிஷன்தான். அதே வாக்குதான். சுவரில் என்ன எழுதினார்கள்? பிரிட்டிஷ் ஆபீசர் பெயர் உண்டு. பிரிட்டிஷ் சாதாரணச் சிப்பாய் பெயரும் உண்டு. வேல்ஸ் ரெஜிமெண்டுகளின் பட்டாளங்கள் சில மெசபொடேமியாவுக்கும் வந்திருந்தன. அந்தச் சுரங்கத் தொழிலாளிகளின் பெயரும் அங்கே உண்டு. இந்தியப் பட்டாளங்களில் சுபேதார், ஜமேதார் வரை பெயர் உண்டு. அதற்குக் கீழே? ரெஜிமெண்ட் பெயரைப் போட்டு, "இன்னும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்" என்று ஓர் எண். அவ்வளவுதான்!

பெயர் தெரியாமலா எண் போட்டார்கள்? இல்லை, தோழர்களே. பெயர்கள் தெரியும். ஒவ்வொன்றாகத் தனி ரிஜிஸ்தரில் எழுதி வைத்திருந்தார்கள். ஆலையில் மஸ்டர் ரோலில் உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் மேஸ்திரி, "ஏய், 412!" என்றுதானே கூப்பிடுகிறான்? அது மாதிரி. பிரான்ஸில் பெயர் வெட்டியதற்கும் பஸ்ராவில் வெட்டாததற்கும் வித்தியாசம் என்ன? பிரான்ஸில் ஐரோப்பாக்காரன் வந்து பார்ப்பான். பஸ்ராவில் யார் பார்க்கப்போகிறார்கள்? என் கணிப்பு இதுதான். ஆப்பிரிக்காவில் இன்னும் மோசம். கோல்டுகோஸ்ட் கவர்னர் 1923ல், அந்த நாட்டுச் சாமானியனுக்குக் கல்லறைக் கல்லின் அர்த்தம் புரியாது என்றே சொல்லிவிட்டார். தாய் தகப்பனுக்குக் கல் நடும் வழக்கம் நமக்குத் தெரியாதா? நடுகல் நட்டுப் பொங்கல் வைத்த ஜனங்கள் நாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போய்ப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக்கூட பெயர் வெட்டிய கல் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

இது ஏதோ நம் கட்சிக்காரன் மேடையில் சொல்கிற குற்றச்சாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் அந்தக் கமிஷனே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் மகாயுத்தத்தில் இறந்தவர்களில் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இவர்களில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும் அதிகம். இன்னும் குறைந்தது 1 லட்சத்து 16 ஆயிரம் பேர், ஒருவேளை 3 லட்சத்து 50 ஆயிரம் பேர்கூட, பெயரால் நினைவுகூரப்படவில்லை. சிலர் எந்த விதத்திலுமே இல்லை. அதற்கு அடிப்படை இனத் துவேஷம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டிஷ் ராணுவ மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். நூறு வருஷம் கழித்து!

கல் என்ன ஆயிற்று? பஸ்ரா சின்னம் இருந்த இடம் துறைமுகத்தை ஒட்டியது. 1997ல் சதாம் உசேன் உத்தரவுப்படி அதைப் பெயர்த்தெடுத்து, நசிரியா போகும் சாலையில் ஊருக்கு வெளியே 30 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தார்கள். பிறகு அந்த வழியாகவே புதிய யுத்தங்கள் போயின.

யுத்தம் முடிந்து திரும்பியவர்களுக்கும் வருவோம். வேல்ஸ்காரன் திரும்பவும் சுரங்கத்துக்குப் போனான். யுத்தம் நடக்கும்போதே, 1915 ஜூலையில், தெற்கு வேல்ஸில் 2 லட்சம் சுரங்கத் தொழிலாளர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டவிரோதம் என்று சர்க்கார் பயமுறுத்தியது. அத்தனை பேரை அடைக்க ஜெயில் ஏது? சில நாளில் லாயிட் ஜார்ஜ் நேரில் போய் இறங்கி வந்தார். கல்லில் அந்தத் தொழிலாளியின் பெயர் ஏறியதற்கும் இந்த பலத்துக்கும் சம்பந்தமில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஓட்டும் சங்கமும் உள்ளவன் பெயரை எண்ணாக மாற்றுவது கஷ்டம். ஆனால் சுரங்கம் மாறவில்லை. 1934 செப்டம்பர் 22ந் தேதி, அதே ரெக்ஸம் பக்கத்தில், கிரெஸ்போர்ட் சுரங்கம் வெடித்து 266 பேர் மாண்டார்கள். 11 உடல்கள்தான் வெளியே வந்தன. மற்றவர்கள் இன்றும் மூடிய சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

மதராஸ் சிப்பாய் திரும்பியபோது அவனுடைய பட்டாளமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 1928க்குள் மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களைக் கலைத்துவிட்டார்கள். 1933ல் பயனியர்களையும் கலைத்தார்கள். சிக்கனமாம். இரண்டாவது மகாயுத்தம் வந்து ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்த சமயத்தில் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடியும் எழுப்பினார்கள். அதற்குள் மதராஸ்காரனுக்கு வீரம் திரும்ப வந்துவிட்டது போலிருக்கிறது!

இனி நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில், "இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்" என்று இங்கிலீஷில் வெட்டிய சிறிய கல் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரிலோ, பழைய ஆபீஸ் திண்ணையிலோ, சாவடியிலோ இருக்கும். அதிலும் எண்தான், பெயர் இல்லை. பழைய சேலம் ஜில்லாவில் உங்கள் பக்கம் அப்படிக் கல் இருந்தால், சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் படித்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊரில் மிக மூத்தவர்களிடம், சேரியிலும் சரி ஊர்த் தெருவிலும் சரி, "யார் வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனார்கள்?" என்று விசாரியுங்கள். பஞ்சாபில் 3 லட்சத்து 20 ஆயிரம் பேரின் கிராமவாரி ஜாபிதா லாகூர் மியூசியத்தில் கிடந்து, 2021ல் எல்லோரும் பார்க்கும்படி வெளிவந்தது. அங்கே பேரப்பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். பஸ்ரா ரிஜிஸ்தரில் உள்ள பெயர்களையும் கமிஷனின் பட்டியலில் இப்போது தேடலாம். செல்போன் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அரைமணி நேர வேலை. ஆனால் தேடுவதற்குப் பெயரும் பட்டாளமும் தெரியவேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு.

யுத்தம் முடிந்ததும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் குதிரைமேல் ஓர் ஆள். சிப்பாய்க்கு வெள்ளியில், சுமை தூக்கப் போன கூலிப்படைக்காரர்களுக்கு வெண்கலத்தில்! பதக்கத்தில்கூட நிரந்தரம், பதிலி என்று பார்த்தார்கள். வெள்ளிப் பதக்கம் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் இருக்கும். பஞ்ச காலத்தில் பத்தரிடம் போய்க் கொலுசானவை எத்தனையோ. வெண்கலம் விலை போகாது. அதனால் அது எங்காவது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்க வாய்ப்பு அதிகம். கிடைத்தால் முகப்பைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் பொடி எழுத்தில் நம்பர், பதவி, பெயர், பட்டாளம் பொறித்திருக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். இங்கிலீஷ் தெரியாவிட்டால் காகிதத்தை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் தேய்த்து, அந்தக் காகிதத்தைச் சங்க ஆபீசில் கொடுத்துவிட்டுப் போங்கள்.